ஒலிநூலும் படக்கதையும்: வகுப்பில்லாமல் 16 மாதம் பிரெஞ்சு படித்ததில் என்ன நடந்தது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 16 மாதம் ஒலிநூல்களையும் படக்கதைகளையும் வைத்துக்கொண்டு பிரெஞ்சு படித்தேன். வகுப்பு கிடையாது, ஆசிரியர் கிடையாது. கடைசியில் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் திறன் சான்றிதழ்த் தேர்வின் பி1 (நடுத்தர) நிலை மாதிரித் தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். கேட்டுப் புரிந்துகொள்வதில் 25க்கு 20, படித்துப் புரிந்துகொள்வதில் 22. எழுத்தையும் பேச்சையும் இணையம் வழியாக என்னோடு மொழி பரிமாறிக்கொள்ளும் பிரெஞ்சுத் தோழி திருத்திக் கொடுத்தார்: பேச்சுக்கு 13, எழுத்துக்கு 11. அந்தத் தேர்வில் மொத்தம் 100க்கு 50ம் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 5ம் எடுத்தால் தேர்ச்சி, ஆக நான் தேறியிருப்பேன். ஆனால் என்னை யோசிக்க வைத்தது தேர்ச்சி இல்லை. ஒரே ஆள், ஒரே மொழி, ஒரே காலம், படிப்பதில் 22, எழுதுவதில் 11. இந்தப் பள்ளம் எங்கிருந்து வந்தது என்று தேடியதில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

தொடங்கியபோது நான் வெறும் கையோடு இல்லை. அதற்கு முன் ஒரு செயலியில் மூன்று மாதம் தினமும் புள்ளி சேர்த்திருக்கிறேன். சில நூறு சொற்கள் தெரியும், நிகழ்காலத்தில் சின்ன வாக்கியம் அமைக்கத் தெரியும். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குப் பிரெஞ்சுச் சொற்களில் பெரும்பகுதி எழுத்தில் பார்த்தால் பழகிய முகமாகத் தெரியும் என்பதால் எளிய கட்டுரையைப் படித்தால் பாதி விளங்கும். ஆனால் ஒரு பிரெஞ்சுக்காரர் பேசிய ஒரு நிமிடப் பதிவைக் கேட்டால் ஒரு சொல்கூடப் பிடிபடாது. கண்ணுக்குத் தெரிந்த மொழி காதுக்குத் தெரியவில்லை. செயலியை ஏன் விட்டேன் என்றால், ஒருநாள் தவறியதும் அதுவரை சேர்த்த நாள் கணக்கு பூஜ்யமாகிவிட்டது, அதோடு ஆர்வமும் போய்விட்டது. அதனால் இந்த முறை கணக்கே வேண்டாம், காதிலிருந்து தொடங்குவோம், பிடிக்காத புத்தகத்தை எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல் கீழே வைப்போம் என்று முடிவு செய்தேன்.

முதல் புத்தகம்

பிரெஞ்சு ஒலிநூல்கள் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. 2005ல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த பதிவுகள் இருக்கின்றன. பிரெஞ்சுக்கென்றே லித்தெரத்யூர் ஓடியோ என்ற தளம் இருக்கிறது, அங்கே வாசிப்பவர்களைக் 'குரல் கொடையாளர்கள்' என்று பொருள்படும்படி அழைக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. எழுத்து வடிவம் இலவச மின்னூல் தளமான குட்டன்பெர்க் திட்டத்தில் கிடைக்கும். பிரான்சில் எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு கழிந்த பிறகுதான் நூல் பொதுவுடைமை ஆகும் என்பதால் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு நூல்கள். இதன் விளைவைப் பிறகு சொல்கிறேன், சின்ன விளைவு இல்லை அது.

நான் எடுத்தது ழூல் வெர்னின் 80 நாளில் உலகம் சுற்றும் கதை. 37 அத்தியாயம். கதை முன்பே தெரியும் என்பதுதான் காரணம். பந்தயம் 20,000 பவுண்டு, லண்டனிலிருந்து கிளம்புவது 1872 அக்டோபர் 2, திரும்ப வேண்டியது டிசம்பர் 21 இரவு 8:45 என்று நூல் முழுக்க எண்களும் தேதிகளும் ரயில் நேரங்களும் நிரம்பிக் கிடக்கின்றன. பிரெஞ்சு எண்களோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். 72 என்பதை 'அறுபது பன்னிரண்டு' என்பார்கள், 80 'நான்கு இருபது', 99 'நான்கு இருபது பத்தொன்பது'. (பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள்.) அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தபோது நிற்காத எண்கள், கதைநாயகர் ரயிலைத் தவறவிடுவாரா என்ற பதைப்போடு கேட்டபோது தானாக நின்றன.

ஆனால் முதல் இரண்டு மாதம் ஏறக்குறைய வீண். பாத்திரம் கழுவும்போதும் நடக்கும்போதும் ஓடவிட்டுக்கொண்டே இருந்தேன், எப்படியும் காதில் ஏறிவிடும் என்ற நம்பிக்கையில். ஏறவில்லை. புரியாத மொழி சற்று நேரத்தில் மின்விசிறிச் சத்தம் போல ஆகிவிடுகிறது, மனம் வேறு எங்கோ போய்விடுகிறது. மூன்றாம் மாதம் முறையை மாற்றினேன். ஓர் அத்தியாயத்தை முதலில் வெறுமனே கேட்பேன். அன்றைக்கோ மறுநாளோ எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பேன், அப்போது கதைக்கு அவசியமான ஐந்தாறு சொல்லுக்கு மட்டும் அகராதி. அப்புறம் எழுத்தில்லாமல் இன்னொரு முறை, அந்த மூன்றாவது முறையைத்தான் பாத்திரம் கழுவும் நேரத்துக்கு வைத்தேன். அதே வேலை, அதே காது, ஆனால் இப்போது ஒவ்வொரு வாக்கியமும் வந்து உட்கார்ந்தது. ஒலிநூலைப் பின்னணியில் ஓடவிட்டால் மொழி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஒரு முறை புரிந்த பிறகு ஓடவிட்டால்தான் பலன்.

காது திறந்த விதம்

இங்கேதான் தமிழ் எனக்குக் கைகொடுத்தது, எதிர்பார்க்காத இடங்களில்.

பிரெஞ்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கேட்காது. நண்பர்கள் என்பதற்கு 'அமி', முன்னால் பன்மைச் சுட்டு 'லெ'. சேர்த்துச் சொன்னால் 'லெஸாமி'. எழுத்தில் இருந்தும் ஒலிக்காத மெய் ஒன்று, அடுத்த சொல் உயிரில் தொடங்கும்போது உயிர்பெற்று ஒட்டிக்கொள்கிறது. பல வாரம் 'ஸாமி' என்று ஒரு தனிச்சொல் இருக்கிறது, யாரோ சாமியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே என் காது எடுத்துக்கொண்டது. இது புணர்ச்சி என்று உறைத்த நாளில் பெரும் பாரம் இறங்கியது. நிலைமொழி, வருமொழி, நடுவில் ஒரு திரிபு: நமக்கு இது பள்ளியில் படித்த பாடம். ஆங்கிலம் வழியாக விளக்கும் புத்தகங்கள் இதற்குப் பல பக்கம் செலவழிக்கின்றன, தமிழ் படித்தவருக்கு 'சந்தி' என்ற ஒரு சொல் போதும். விதிவிலக்கும் அழகானது. வீரர்கள் என்ற சொல்லில் இந்தப் புணர்ச்சி நடக்காது, நடந்தால் அது 'பூஜ்யங்கள்' என்று ஒலிக்கும்.

மூக்கொலி உயிர்களும் அப்படித்தான். நம் பேச்சில் 'மரம்' என்று சொல்லும்போது கடைசியில் உதடு முழுதாக மூடுவதில்லை, உயிரே மூக்கு வழியாக வெளியேறுகிறது. 'அவன்' என்பதிலும் அதேதான். அந்த ஒலி ஏற்கெனவே வாயில் இருக்கிறது. என்ன, பிரெஞ்சில் அதில் பல வகை: காற்று, திராட்சை மது, 'அவர்கள் போகிறார்கள்' மூன்றும் 'வான்', 'வேன்', 'வோன்' போல, கடைசி ன் மூக்கிலேயே கரைய ஒலிக்கும். பிரித்துக் கேட்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

கைகொடுக்காத இடமும் உண்டு, அதில் நேரத்தை நிறையத் தொலைத்தேன். உச்சரிப்பை நினைவில் வைக்க ஒரு நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வந்தேன். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் ரொட்டியும் குளியலும் ஒரே 'பேன்'. மீனும் நஞ்சும் ஒரே 'புவாஸோன்'. ப என்ற ஒரே எழுத்தில் இரண்டு ஒலியை வைத்து இடத்தைப் பார்த்து வாசிப்பது நம் எழுத்துமுறை, பிரெஞ்சில் அந்த இரண்டு ஒலிக்கும் இடையில்தான் பொருளே மாறுகிறது. 'மேலே'யும் 'கீழே'யும் இன்னும் மோசம், 'தெஸ்யு', 'தெஸு' என்று கடைசி உயிரில் நாக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதில் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்கள் நேர் எதிர்ப்பொருளில். அந்த நோட்டை மூடிவிட்டேன். தமிழ் எழுத்தில் பிரெஞ்சு உச்சரிப்பை எழுதி வைக்காதீர்கள் என்பது இந்த அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடிய அறிவுரை.

படக்கதைகள் வந்தபோது

ஐந்தாம் மாதம் அந்தத் தோழியோடு முதல்முறை குரலில் பேசினேன். நேற்று எங்கே போனேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு கணம் நிறுத்தி, இதை எங்கே கற்றீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். நான் பயன்படுத்திய இறந்தகாலம் பேச்சில் வழங்காத ஒன்று, கதை எழுதுவதற்கென்றே இருக்கும் 'பஸ்ஸே சேம்பிள்' வடிவம். 'யான் நேற்று நூலகம் சென்றனன்' என்று சொன்னது போல அவருக்குக் கேட்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு நாவலைக் காதால் குடித்தால் இதுதான் நடக்கும். எழுத்துமொழி வேறு பேச்சுமொழி வேறு என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, நாம் அதற்குள்ளேயே பிறந்தவர்கள். ஆனால் வேற்று மொழியிலும் அப்படி ஒரு பிளவு இருக்கும் என்று எனக்கு ஏனோ அதுவரை தோன்றவில்லை.

அந்த வாரமே படக்கதைக்குப் போனேன். பிரெஞ்சில் இதற்கு 'பெதே' என்று பெயர், ஒன்பதாவது கலை என்று மதிப்போடு சொல்வார்கள், அங்குலேம் நகரில் 1974ல் இதற்கென்றே ஒரு விழா தொடங்கப்பட்டது. படக்கதையில் வருவது முழுக்க உரையாடல். இறந்தகாலம் வந்தால் பேசுகிற இறந்தகாலம். கேள்வி, திட்டு, வியப்பு, தயக்கம், பாதியில் விட்ட வாக்கியம், இவையெல்லாம் நாவலின் வர்ணனையில் கிடைக்காதவை. படம் இருப்பதால் அகராதியும் குறைவாகவே வேண்டும்.

டின்டினிலிருந்து தொடங்கினேன். 1929ல் பெல்ஜியத்தில் எர்ழே தொடங்கிய தொடர், ஒரு நூல் 62 பக்கம். மொழி சுத்தமானது, வாக்கியம் முழுமையானது, தொடங்குபவருக்கு ஏற்றது. டின்டின் தன் நாயை 'த்யு' என்கிறான், கேப்டன் ஹேடாக்கை 'வூ' என்கிறான். நீ, நீங்கள். இதை விளக்கப் பாடப்புத்தகங்கள் தனி அத்தியாயமே வைத்திருக்கும், தமிழருக்கு ஒரு பக்கம் போதும், நமக்கும் 'நீங்கள்' மரியாதையும் பன்மையும் ஒன்றாகத்தானே. ஒலிக்குறிப்புச் சொற்கள் தனி இன்பம். நாய் 'வா வா' என்று குரைக்கும், கதவைத் தட்டினால் 'தோக் தோக்', தண்ணீரில் விழுந்தால் 'ப்ளுஃப்', அடிபட்டால் 'ஆய்'. இவற்றை யாரும் பட்டியல் போட்டுக் கற்பதில்லை, ஆனால் ஒரு மொழிக்குள் வீட்டு ஆள் போல உணர வைப்பவை இவைதான்.

லக்கி லூக்கைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு அதையே மூலத்தில் படிப்பது இன்னொரு நல்ல தொடக்கம், எனக்கு மூன்றாவது நூலே அதுதான். பேச்சு எப்படிச் சுருங்குகிறது என்பதைக் காட்டியது பள்ளிச் சிறுவனைப் பற்றிய சுவிஸ் தொடரான திதெஃப். 'எனக்குத் தெரியாது' என்பது புத்தகத்தில் 'ழெ ந ஸே பா', வாயில் அது 'ஷே பா' ஆகிவிடும். 'இருக்கிறது' என்பதற்கு 'இல் இ ஆ', வாயில் வெறும் 'யா'. 'வந்துகொண்டிருக்கிறான்' நம் வாயில் 'வந்துட்டிருக்கான்' ஆவதைப் போல. இப்படிச் சுருங்கிய வடிவங்களைப் படக்கதை எழுத்திலேயே காட்டிவிடுகிறது என்பது அதன் பெரிய பலம், கண் ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த முறை காது பிடித்துவிடும். இந்தப் பேச்சு வடிவங்களைக் கேட்பதற்கு நாவல் போதாது என்பதால் எட்டாம் மாதத்திலிருந்து ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியையும் சேர்த்துக்கொண்டேன். தினமும் 10 நிமிடம், எழுத்து வடிவமும் கிடைக்கும், இன்றைய பிரெஞ்சு.

ஆஸ்டெரிக்ஸ் விஷயத்தில் தவறு செய்தேன். படக்கதை என்றால் எல்லாம் எளிது என்று ஆறாம் மாதம் எடுத்து, 15 பக்கத்தோடு வைத்துவிட்டேன். 1959ல் கோசினியும் உடெர்சோவும் தொடங்கிய அந்தத் தொடரின் உயிரே சிலேடையில் இருக்கிறது, சொல் தெரிந்தாலும் சிலேடை தெரியாது. பதின்மூன்றாம் மாதம் திரும்ப எடுத்தேன். அதில் வரும் ஓபெலிக்ஸின் நாய்க்கு இதெஃபிக்ஸ் என்று பெயர், அதை வாய்விட்டுச் சொன்னால் 'விடாமல் பிடித்துக்கொண்ட ஓர் எண்ணம்' என்ற பிரெஞ்சுத் தொடர் என்பது அகராதி இல்லாமல் தானாகப் பளிச்சிட்டது. பாட்டுக்காரர் பெயர் 'எல்லா ஆபத்துக்கும் காப்பீடு'. இந்த 16 மாதத்தில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய மகிழ்ச்சி அந்த மாலைதான், மதிப்பெண் அதற்குப் பிறகுதான்.

நிதானம் என்றால் என்ன

நிதானமாகப் படித்தேன் என்று சொன்னால் தோன்றும்போது படித்தேன் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எவ்வளவு, எது, எந்த வேகம் என்பதில் முழு விடுதலை. எப்போது என்பதில் மட்டும் இல்லை. இரவுப் பாத்திரமும் காலை நடையும் எப்படியும் நடக்கும், அவற்றோடு கேட்பதைக் கட்டிவிட்டதால் படிக்க உட்கார வேண்டும் என்று தனியாக மனதைத் தயார்செய்ய வேண்டியிருக்கவில்லை. படக்கதை வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம், அது ஓய்வுக்கே உரியது. எல்லாம் சேர்த்து 350 மணி நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏழாம் மாதம் புகழ்பெற்ற தடித்த நாவல் ஒன்றை நான்கு அத்தியாயத்தோடு விட்டேன். பால் நேஷன் போன்ற சொல்லாய்வாளர்கள் சொல்வது 100 சொல்லில் 98 தெரிந்தால்தான் உதவியில்லாமல் சுகமாகப் படிக்கலாம் என்று. அந்த நாவலில் எண்ணிப் பார்த்தேன், எனக்கு 85கூடத் தேறவில்லை. விட்டது சரிதான். அதற்குப் பதில் மொப்பசானின் சிறுகதைகளுக்குப் போனேன், பெரும்பாலும் ஓர் அமர்வில் முடிந்துவிடும். ஒன்பதாம் மாதம் மூன்று வாரம் ஒன்றுமே செய்யவில்லை. திரும்பியபோது சொற்கள் சில உதிர்ந்திருந்தன, காது மட்டும் அப்படியே இருந்தது, பழைய அத்தியாயத்தைப் போட்டால் முதல் வாக்கியத்திலேயே ஒட்டிக்கொண்டது. நாள் கணக்கு வைத்திருந்தால் அந்த மூன்று வாரத்தோடு எல்லாம் முடிந்திருக்கும் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

அந்த 11

சரி, எழுத்து ஏன் 11? தோழி திருத்திய தாளைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். தவறுகளில் பெரும்பாலானவை காதுக்குக் கேட்காதவை. 'பேச' என்ற வினையில் நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் மூன்றும் ஒரே 'பார்ல்'. எழுத்தில் மூன்று முடிவு. 'பார்லே' என்று கேட்பது பேசுவதாக இருக்கலாம், பேசியதாக இருக்கலாம், 'பேசுங்கள்' என்பதாகவும் இருக்கலாம், எழுத்தில் ஒவ்வொன்றும் வேறு. ஒலிநூல் எவ்வளவு கேட்டாலும் ஒலிக்காத எழுத்தைக் கற்றுத்தர அதனால் முடியாது. படிக்கும்போது கண் அந்த முடிவுகளைப் பார்க்கத்தான் செய்கிறது, ஆனால் பொருள் ஏற்கெனவே விளங்கிவிட்டதால் நின்று கவனிப்பதில்லை. நான் எவ்வளவு சுகமாகப் படித்தேனோ அவ்வளவு வேகமாக அந்த எழுத்துகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். பாலும் அப்படியே: மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதை அஃறிணைக்குப் பழகிய மனம் ஏற்க நாளாகும். பெயர்ச்சொல்லின் முன்வரும் 'அன்', 'யூன்' வேறுபாட்டைக் காது பிடித்துக்கொண்டது, பின்னால் பெயரடை அதற்கேற்ப எழுத்தில் மாறுவதைக் கை பிடிக்கவில்லை.

ஆகப் பேச்சையும் எழுத்தையும் உள்ளே வாங்கினால் மட்டும் போதும், வெளியே விடுவது தானாக வரும் என்ற கருத்தை நான் இப்போது ஏற்பதில்லை. புரிந்துகொள்வதற்கு இந்த வழியை விட நல்லதை நான் பார்த்ததில்லை. எழுத்துக்கு வேறு வேலை தேவை. மூன்று மாதத்தில் தேர்வு எழுத வேண்டியவர் இந்த வழியில் வர வேண்டாம். அடிப்படைச் சொற்களும் எழுத்துகளை வாசிக்கும் முறையும் தெரியாதவரும் முதலில் அவற்றை முடித்துவிட்டு வருவது நல்லது, எனக்கு அந்தச் செயலியின் மூன்று மாதம் அந்த அளவில் உதவியிருக்கிறது.

மாதிரித் தாளுக்குப் பிறகு இரண்டு சின்ன வேலைகளைச் சேர்த்திருக்கிறேன். ஒன்று சொல்வதெழுதல்: ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த அத்தியாயத்தில் ஒரே பத்தியைக் கேட்டு எழுதி, மூலத்தோடு ஒப்பிடுவது. இன்னொன்று படக்கதைக் குமிழை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிட்டு, படத்தையும் முந்தைய குமிழையும் பார்த்து இவர் என்ன சொல்லியிருப்பார் என்று நானே எழுதி, அப்புறம் தாளை எடுப்பது. இரண்டாவது வேலை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, ஏனென்றால் நான் எழுதியதும் ஆசிரியர் எழுதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது வினைமுடிவில் உள்ள வேறுபாடு கண்ணைக் குத்துகிறது. இரண்டு மாதம் ஆகிறது. முதல் வாரம் 12 குமிழில் 9ல் முடிவு தவறாக இருந்தது, போன வாரம் 12ல் 4. அந்த நான்கில் மூன்று 'பார்லே' வகையைச் சேர்ந்தவை, இந்த வார இறுதிக்கு அவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.